காலாபானியில் கடவுள்

1909ஆம் ஆண்டின் கடைசியில் போர்ட் பிளேரில் கால் வைத்த வங்காள அரசியல் கைதிகள் கடவுளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். மாணிக்தலா வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திரகுமார் கோஷும் அவருடைய தோழர்களும், பவானி அன்னைக்கு மலைமேல் கோவில் கட்டி அங்கிருந்து துறவிகளைப் போலப் போராளிகளை அனுப்பலாம் என்று திட்டம் போட்டவர்கள். டாக்கா அனுசீலன் சமிதியில் சேர்ந்தவர்களோ காளியின் சந்நிதியில் கீதையையும் வாளையும் தலைமேல் வைத்துச் சத்தியம் செய்தவர்கள். அதே செல்லுலார் சிறையிலிருந்து 1938 ஜனவரியில் கடைசித் தொகுதி அரசியல் கைதிகள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மார்க்ஸைப் படித்துப் பொதுவுடைமையர் ஆகியிருந்தார்கள். காளியும் கீதையும் அவர்கள் பேச்சில் இல்லை.

இடையில் முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. ஒரே மாகாணம், ஒரே வகைக் குற்றச்சாட்டு, பல சமயம் ஒரே சங்கம். பிறகு எப்படி இந்த மாற்றம்? நம்பிக்கை என்பது யாராவது வாதாடித் தோற்கடித்தால் போகிற ஒன்றா, தானாக உதிர்கிற ஒன்றா? பிறருடைய நம்பிக்கையில் கை வைக்கலாமா, வைத்தால் யார் வைக்கலாம்? பட்டிமன்ற மேடையில் இதைப் பேசிப் பேசி நமக்கு அலுத்துவிட்டது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வைத்துக் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. ஒரு மனிதனின் நம்பிக்கையை மாற்ற என்னென்ன வழிகள் உண்டோ அவற்றில் பெரும்பாலானவை இங்கே முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி.

இந்துக் கைதிகளுக்கு முதல் அடி கப்பலிலேயே விழுந்தது. கடல் தாண்டினால் சாதி போகும் என்று நம்பிய காலம் அது. 1858 மார்ச்சில் முதல் இருநூறு கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோதே ஆங்கில அரசுக்கு இது நன்றாகத் தெரியும். காலாபானி என்ற சொல்லைக் கேட்டதும் வந்த நடுக்கத்தில் பாதி இந்த நம்பிக்கையால் வந்தது. சர்க்கார் காசு செலவில்லாமல் கிடைத்த தண்டனை. சிறை வாசலில் அடுத்த அடி. பிராமணக் கைதிகளின் பூணூலைக் கழற்றி வாங்கிக்கொள்வது அங்கே விதி. முதலில் வந்த வங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

கொடுக்க மறுத்தவர் ஒரு பஞ்சாபி, பண்டிட் ராம் ரக்கா. முதல் உலகப் போர்க் காலத்தில் பர்மாவில் நடந்த சதி வழக்கில் தண்டனை பெற்று வந்தவர். சீனா, ஜப்பான், சயாம் என்று கடல் தாண்டி ஊர் சுற்றியவர் என்பதால், ஆசாரத்தில் ஊறிய வைதிகராக அவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பூணூலை அறுத்து எடுத்ததும் சாப்பாட்டைத் தொட மறுத்தார். மூக்கின் வழியே குழாய் செருகிப் பால் ஊற்றினார்கள். உடல் நைந்தது, காசநோய் பிடித்தது, சிறையிலேயே இறந்தார். அந்த நூலை அவர் வீட்டில் இருந்தபோது எவ்வளவு பொருட்படுத்தினாரோ தெரியாது. பிடுங்கியபோது அதற்காக உயிரைக் கொடுத்தார். நம்பிக்கை இல்லாதவரைக்கூட நம்பிக்கைக்காரராக ஆக்க வேண்டுமா, அவர் கழுத்திலிருப்பதைப் பிடுங்கினால் போதும்.

சிறைக்குள் டேவிட் பாரி என்ற அயர்லாந்து ஜெயிலர் இருந்தார். வானத்தில் ஒரு கடவுள், போர்ட் பிளேரில் இன்னொரு கடவுள், அது தானே என்று சொல்லிக்கொள்வார் என்று கைதிகளின் நினைவு நூல்கள் அவரைக் காட்டுகின்றன. நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். மாட்டுக்குப் பதில் மனிதன் செக்கை இழுத்தான். இந்தக் கடவுளின் ஆட்சியில் மேலே இருக்கும் கடவுளை நினைப்பதுதான் பலருக்கு ஒரே ஆறுதலாக இருந்திருக்கிறது. மாணிக்தலா வழக்கின் உல்லாஸ்கர் தத்தாவுக்கு அந்த ஆறுதலும் போதவில்லை. சித்திரவதையில் மனம் கலங்கிப்போன அவரைக் கடைசியில் சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்.

அந்த ஒரு வழக்கை மட்டும் எடுத்துப் பார்த்தாலே நம்பிக்கை எத்தனை திசையில் ஓடும் என்பது தெரியும். பாரீந்திரரின் அண்ணன் அரவிந்தர், அலிப்பூர் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபோது எங்கு பார்த்தாலும் வாசுதேவனைக் கண்டதாகப் பிறகு உத்தரபாராவில் பேசினார். விடுதலையாகி 1910இல் புதுச்சேரிக்கு வந்தார். நமக்கு அவரைத் தெரிவது அந்த அரவிந்தராகத்தான். அதே வழக்கில் அந்தமானுக்குப் போனவர் ஹேமச்சந்திர கானுங்கோ. பாரிஸ் வரை போய் வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொண்டு வந்த ஆள். சிறையிலிருந்து திரும்பிய பிறகு, வங்கப் புரட்சி முயற்சிகளைப் பற்றி எழுதிய நூலில், இயக்கத்துக்குப் பூசிய மதச் சாயத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சாடினார். ஒரே குற்றப்பத்திரிகை; ஒருவர் யோகி, ஒருவர் ஐயவாதி. சிறைதான் மனிதனை நாத்திகனாக்கியது, சிறைதான் பக்தனாக்கியது என்றெல்லாம் சூத்திரம் எழுதுகிறவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

1911 ஜூலையில் வந்த சாவர்க்கர் தனிக் கதை. இஸ்லாமிய வார்டர்கள் இந்துக் கைதிகளை மிரட்டியும் சலுகை காட்டியும் மதம் மாற்றினார்கள் என்பது அவர் தம் நினைவு நூலில் வைக்கும் குற்றச்சாட்டு. அதற்குப் பதிலடியாகச் சிறைக்குள்ளேயே சுத்திச் சடங்கு நடத்தி அவர்களைத் திரும்பச் சேர்த்ததாக அவரே எழுதுகிறார். இத்தனைக்கும் சடங்கு சம்பிரதாயங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பசு பயனுள்ள விலங்கே தவிரத் தெய்வமல்ல என்று எழுதியவர், தமக்கே ஈமச்சடங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர். நம்பிக்கை இல்லாத ஒருவர் மத எண்ணிக்கைக்காக இத்தனை மல்லுக்கு நின்றது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம். கடவுள் போன பிறகும் கணக்கு மிச்சம் இருக்கும் போலிருக்கிறது.

மாற்றம் தீவுக்கு வெளியே தொடங்கியது. வாரணாசி சதி வழக்கில் அந்தமானுக்குப் போய் 1920இல் திரும்பிய சச்சீந்திரநாத் சன்யால், 1924இல் இந்துஸ்தான் குடியரசுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். ஆழ்ந்த பக்தர்; ‘பந்தி ஜீவன்’ என்ற அவருடைய சிறை நூலில் இறைவன் புகழ் நிறையவே உண்டு. அவர் தொடங்கிய சங்கத்தில் சேர்ந்த ஓர் இளைஞன் 1926ஆம் ஆண்டின் கடைசிக்குள் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான். அவன்தான் பகத்சிங். குருவுக்கும் சீடனுக்கும் இதில் சண்டை நடந்ததாகத் தெரியவில்லை. குரு நம்பினார், சீடன் நம்பவில்லை, இருவரும் ஒரே அரசை எதிர்த்தார்கள்.

சண்டை வந்தது 1930இல், லாகூர் மத்தியச் சிறையில். பாய் ரந்தீர் சிங் என்ற கதர்க் கட்சிக்காரர், பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் பல சிறைகளில் கிடந்த பெரியவர், மிகுந்த பக்திமான். அந்தமானுக்கு அனுப்பப்படாத சிலரில் ஒருவர். தீர்ப்புக்காகக் காத்திருந்த பகத்சிங்கைப் பார்த்து, புகழ் தலைக்கேறிவிட்டது, அகந்தைதான் உனக்கும் கடவுளுக்கும் நடுவே திரையாக நிற்கிறது என்ற பொருளில் கோபித்துக்கொண்டார். அதற்குப் பதிலாகத்தான் அக்டோபர் தொடக்கத்தில் ‘நான் நாத்திகன் ஏன்?’ எழுதப்பட்டது. பகத்சிங் தூக்கிலேறி ஆறு மாதம் கழித்து, 1931 செப்டம்பரில் லாகூரின் ‘தி பீப்பிள்’ இதழில் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையைப் பலர் கடவுள் மறுப்புப் பிரசாரமாக மட்டும் படிக்கிறார்கள். அது ஒரு குற்றச்சாட்டுக்கான பதில் என்பது மறந்துபோகிறது. தாத்தா ஆரிய சமாஜி, பள்ளிக்கூட நாளில் காயத்ரி மந்திரம் சொன்னவன், நீண்ட முடி வளர்த்தவன் என்று தன் கதையைச் சொல்லித்தான் தொடங்குகிறார். காகோரி ரயில் கொள்ளை வழக்கில் தூக்கிலேறியவர்கள் கடைசி நாளைப் பிரார்த்தனையில் கழித்தார்கள் என்பதைக் கேலி இல்லாமல் எழுதுகிறார். நம்பிக்கை இருந்தால் சாவு எளிதாகும் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அந்த எளிமை தனக்கு வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். ஆனால் பெரியவர் வாயடைத்துப் போகவில்லை. பகத்சிங் கடைசியில் மனம் மாறினார் என்று ரந்தீர் சிங் தம் நூலில் எழுதினார். அச்சில் இருக்கும் கட்டுரையோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அசைக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு அந்தக் கட்டுரை வந்த வழி நமக்குத் தெரிந்ததே. ப. ஜீவானந்தம் தமிழாக்கினார், பெரியாரின் குடி அரசுப் பதிப்பகம் வெளியிட்டது, அரசு வழக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்டு வெளியே வருவதா இல்லையா என்ற தகராறில் ஜீவாவுக்கும் பெரியாருக்கும் இடையே விழுந்த விரிசல் பிறகு பெரிதாகியது. கடவுள் இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

பகத்சிங்கின் தோழர்கள் தூக்குக்குத் தப்பி அந்தமானுக்கு வந்தார்கள்: படுகேஷ்வர் தத், மகாவீர் சிங், பிஜய் குமார் சின்ஹா, சிவ வர்மா, கமல்நாத் திவாரி. கூடவே சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலில் தண்டனை பெற்ற கணேஷ் கோஷ், அனந்த சிங், லோகநாத் பால். 1932இல் அரசியல் கைதிகளுக்காகச் செல்லுலார் சிறை மறுபடி திறக்கப்பட்டது. விளக்கில்லை, படிக்க ஒன்றுமில்லை, சோறு வாயில் வைக்க முடியாது. 1933 மே மாதம் உண்ணாவிரதம் தொடங்கியது. பலவந்தமாகப் பால் ஊற்றியதில் அது நுரையீரலுக்குப் போய் மகாவீர் சிங் மே 17ஆம் தேதி இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் அதே மாதத்தில் போனார்கள். ஜூன் கடைசியில் அரசு இறங்கி வந்தது. கிடைத்த சலுகைகளில் முக்கியமானவை விளக்கும் புத்தகமும்.

நம்பிக்கை போனது அந்தப் புத்தகங்களின் வழியாகத்தான். வீட்டிலிருந்து வரவழைத்தார்கள், ஒன்றாகச் சேர்த்து நூலகமாக்கினார்கள், வகுப்பு வைத்தார்கள். நாராயண் ராய், நிரஞ்சன் சென்குப்தா, சதீஷ் பாக்ராஷி போன்றவர்கள் முன்னின்றார்கள். பொருளாதாரம், வரலாறு, தத்துவம், ரஷ்யப் புரட்சி என்று பாடம் நடந்தது. கையெழுத்து இதழ் சுற்றுக்கு விட்டார்கள். 1935இல் கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் என்ற அமைப்பே சிறைக்குள் உருவானது. பழைய சமிதிக்காரர்கள் எல்லோரும் இதில் விழுந்துவிடவில்லை. முகம் சுளித்தவர்கள் உண்டு, மாலைதோறும் விவாதம் உண்டு. ஆனால் இங்கே பேசியவனும் கேட்டவனும் ஒரே கொட்டடிக்காரர்கள், ஒரே கஞ்சியைக் குடித்தவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து தன் அறைக்குப் போகலாம். மறுநாள் வந்து மறுத்துப் பேசலாம். காளி படத்தைக் கிழி என்று யாரும் யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை.

அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வியும் கடவுள் உண்டா இல்லையா என்பதாகத் தொடங்கவில்லை. நம் இயக்கம் ஏன் தோற்றது என்பதே கேள்வி. காளி முன்னால் சத்தியம் வாங்கிய சங்கத்தில் முஸ்லிம் எப்படிச் சேருவான்? கிழக்கு வங்காளத்து உழவனில் பெரும்பங்கு முஸ்லிமாக இருக்கும்போது, அவனை வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு விடுதலை? இந்த இடத்தில்தான் சத்தியம் ஆட்டம் கண்டது. கடவுளை விட்டது அதன் பின்விளைவு. கணேஷ் கோஷ் பிறகு பொதுவுடைமைக் கட்சிக்காரராக 1967இல் கல்கத்தா தெற்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். நம்பிக்கையை இழந்தவன் எதையும் நம்பாதவனாகிவிடுவான் என்று பயமுறுத்துகிற உறவினர்களுக்கு இந்தச் சிறை ஒரு பதில்: இவர்கள் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தார்கள், அதையும் பக்தியோடுதான் பிடித்தார்கள்.

சிறைக்கு வெளியே, அபர்தீன் கடைத்தெருவில், வாதமே இல்லாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தண்டனை முடிந்து தீவிலேயே தங்கிய ஆண் கைதிகளும் பெண் கைதிகளும் சாதி பார்க்காமல், பல சமயம் மதமும் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் சந்ததியை இன்றும் லோக்கல் பார்ன் என்கிறார்கள். நம்மூரில் சீர்திருத்தத் திருமண மேடைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்துவிட்டது. தத்துவம் எதுவும் இல்லை; தேர்ந்தெடுக்க ஆள் இல்லை, அவ்வளவே.

தெற்கே நிக்கோபாருக்குப் போனால் கதை இன்னும் பழசு, நம் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டேனிஷ்காரர்கள் 1756இல் தரங்கம்பாடியிலிருந்து போய் நிக்கோபாரைத் தங்களுடையது என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரிமார் 1768இல் நான்கவ்ரியில் குடியேறினார்கள். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. தீவிலும், தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1787இல் கடையைக் கட்டினார்கள். பத்தொன்பது ஆண்டு உழைப்பில் நிலைத்த பலன் என்று ஒன்றும் இல்லை.

கடைசியாக அங்கிருந்து கிளம்பிய ஹென்சல் என்ற பாதிரியார் எழுதிய கடிதங்களில் ஓர் இடம் உண்டு. ஒருவன் பட்ட பாடு இன்னொருவன் பாவத்தை எப்படித் தீர்க்கும் என்று நிக்கோபார்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். தவிர, நாங்கள் பிறவியிலேயே நல்லவர்கள், எங்களுக்கு மீட்பர் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். சமீபத்தில் ஆட்களைக் கொன்றீர்களே என்று பாதிரியார் மடக்கியபோது, உங்களுக்கு விவரம் தெரியாது, அவர்கள் உயிரோடு இருக்கத் தகுதியில்லாதவர்கள் என்று பதில் வந்தது. முதல் பதிலைப் படித்துச் சிரிக்கிற நாத்திக நண்பர்கள் இரண்டாவது பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சூனியக்காரன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால் ஆளைக் கூட்டமாகக் கொல்வது அந்தத் தீவுகளில் வழக்கமாக இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் இதைப் பேய்க் கொலை என்று பதிவு செய்திருக்கிறார்கள். பிறர் நம்பிக்கையை மதித்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற நல்ல கொள்கை, கொல்லப்படுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு நல்லதாகத் தெரியாது.

அதை மாற்றத் தொடங்கியவர் சென்னை மாகாணத்திலிருந்து 1890களின் நடுவில் கார் நிக்கோபாருக்குப் போன வேதப்பன் சாலமன். முஸ் கிராமத்தில் அரசாங்க முகவர் வேலை, கூடவே உபதேசியார். சிறுவர்களைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார், மருந்து கொடுத்தார், ஊர் வழக்குகளைத் தீர்த்தார், நடந்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தவருக்கு அப்போது கிடைத்த கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். ஹா சேவ் கா என்ற அவன்தான் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். பர்மாவில் படித்துத் திரும்பி, ஆசிரியராகி, பாதிரியாராகி, 1950இல் பிஷப்பாகி, 1952இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவர். நிக்கோபாரி மொழியில் வேதாகமத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

ஜப்பானியர் தீவைப் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை, ஒற்றர்கள் என்று சந்தேகித்து நிக்கோபாரிகளைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனுக்கும் சாவு குறிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததால் பிழைத்தார். அதன் பிறகு ஊர் ஊராகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். தங்களோடு அடிபட்டு நின்ற சொந்த ஆள் சொன்னதால் வந்தார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. வெளியூர்ப் பாதிரிமார் பத்தொன்பது ஆண்டு பேசி முடியாததை, உள்ளூர்க்காரர் ஒருவர் உடனிருந்து முடித்தார். பேய்க் கொலைகள் இன்று இல்லை. பேயை விரட்ட வீட்டில் வைத்த மரப் பொம்மைகள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. முன்னோர் எலும்பைத் தோண்டியெடுத்து மரியாதை செய்யும் பன்றி விருந்து மட்டும் நிலைத்தது. அதை ரிச்சர்ட்சன் ஒழிக்கப் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களையும் தேவாலயங்களையும் அடித்துக்கொண்டு போனபோது, மிஞ்சியவர்கள் உள்நாட்டில் குடிசை போட்டுக்கொண்டு மறுபடி தேவாலயம் கட்டினார்கள். மரப் பொம்மையிடம் திரும்பவில்லை.

போர்ட் பிளேருக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் வட சென்டினல் தீவு. அங்கிருப்பவர்கள் எதை நம்புகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வெளியாட்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். 1880இல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். பெரியவர்கள் இருவரும் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்ப விட்டார்கள். அதற்கு முன்னால் 1863இல் கார்பின் பாதிரியார் ராஸ் தீவில் அந்தமானியப் பழங்குடியினருக்கு இல்லம் நடத்தி ஆங்கிலமும் நாகரிகமும் கற்பிக்க முயன்ற கதையும் நோயிலும் சாவிலும்தான் முடிந்தது.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற இருபத்தாறு வயது அமெரிக்கர், மீனவர்களுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து இரவோடு இரவாக அந்தத் தீவுக்குப் போனார். தைரியமான பையன், சந்தேகமில்லை. பல ஆண்டுகள் இதற்காகவே பயிற்சி எடுத்தவர். கரையில் நின்று இயேசுவைப் பற்றிக் கூவினார். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, இவருக்கு அவர்கள் மொழி தெரியாது. ஒரு சிறுவன் விட்ட அம்பு கையிலிருந்த வேதாகமத்தில் பாய்ந்தது. திரும்பி வந்து, நாட்குறிப்பு எழுதிவிட்டு, மறுபடி போனார். நவம்பர் 17ஆம் தேதி, அவர் உடலைத் தீவினர் இழுத்துப் போய்ப் புதைப்பதை மீனவர்கள் படகிலிருந்து பார்த்தார்கள். உடலை மீட்கும் முயற்சியை அரசு கைவிட்டது சரியான முடிவு. அவர் தன் உயிரைப் பணயம் வைத்தார் என்று புகழ்கிறவர்கள், சளிக்காய்ச்சலுக்குக்கூட எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு கூட்டத்தை மொத்தமாகப் பணயம் வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பணயத்துக்கு அவர்களிடம் அனுமதி கேட்க வழியே இல்லை. கைதானது கூட்டிப்போன உள்ளூர் மீனவர்கள்.

2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் அதே தீவில் இறங்கி ஒரு டயட் கோக் டப்பாவையும் தேங்காயையும் வைத்துவிட்டு வந்து கைதானார். அவர் கொண்டுபோனது சுவிசேஷம் இல்லை, கேமரா. எனக்கென்னவோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இன்றைய போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்துக்குத் தமிழர்கள் காவடி எடுக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் இந்துக்கள் ஏறத்தாழ அறுபத்தொன்பது விழுக்காடு, கிறிஸ்தவர்கள் இருபத்தொன்று, முஸ்லிம்கள் எட்டரை. மதம் சொல்லாதவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. இந்தியாவிலேயே இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் படித்துப் படித்துக் கடவுளை விட்ட இடம் வேறு உண்டா என்று தெரியாது. ஆனால் அவர்கள் அத்தனை பேரும் கப்பலேறிப் போய்விட்டார்கள், தீவுக்காரர்களிடம் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. சிறையே 1979 முதல் தேசிய நினைவகம். சாவர்க்கர் இருந்த அறையில் படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறார்கள். அவருடைய வாசகம் பொறித்த பலகையை 2004இல் மத்திய அமைச்சர் மணிசங்கர் ஐயர் அகற்றியபோது எழுந்த கூச்சல் பல நாள் நாடாளுமன்றத்தை முடக்கியது. அன்று அந்தச் சிறையில் பூணூல் புனிதம். இன்று பலகை புனிதம்.

நம் பக்கத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் எனக்கு உறைக்கிறது. அந்தமான் கொட்டடியில் காளியை விட்டவனைக் காளி பக்தனான சக கைதி கொல்லவில்லை. அடுத்த உண்ணாவிரதத்தில் இருவரும் சேர்ந்தே பட்டினி கிடந்தார்கள். 2017 மார்ச்சில் கோவையில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக், தான் பிறந்த மதத்தை விட்டு நாத்திகம் பேசியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் யாருடைய கழுத்திலிருந்தும் எதையும் அறுக்கவில்லை, யார் தீவுக்கும் படகில் போகவில்லை. தன் வீட்டுக்குள், தன் மக்களிடம், தன் மொழியில் பேசினார். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போயிருக்கலாம். பிறர் நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை என்று ஒன்று இருந்தால் அது இந்த வகை ஆளுக்குத்தான் முதலில் உரியது. பூணூலை அறுத்த சிறை விதிக்கும், சென்டினல் கரையில் கூவியவருக்கும் அது கிடையாது. கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாத இடம், அல்லது எழுந்து போனால் வில்லோடு திரும்பி வருவதைத் தவிர வேறு பதில் இல்லாத இடம். சாலமனும் ரிச்சர்ட்சனும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். கொலை நின்றது என்ற ஒரு காரணத்துக்காகவே அவர்கள் பக்கம் நிற்பேன்.

செல்லுலார் சிறைக்கு எதிரில் ஒரு பூங்கா இருக்கிறது. சிறையில் உயிர்விட்ட ஆறு பேருக்கு அங்கே சிலைகள். பூணூலுக்காகச் செத்த ராம் ரக்காவும், பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங்கும் அந்த ஆறு பேரில் உண்டு. ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நேரம் போக்க அந்தப் பூங்காவில் உட்காரும் தமிழ்நாட்டுப் பயணிகள் நிறைய. படம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த இருவரும் எதற்காக இறந்தார்கள் என்று கூட வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இரண்டையும் சொல்லுங்கள்.